பெடலில் ஏதோ பிழை

ஜூன் 14, சனி

இன்று ட்ராக்டருக்கு முழுக்கு. மனிதர் குளிக்கவே பயப்படும் இந்த அவுஸ்திரேலிய ஜூன் குளிரில் அதற்கு மட்டும் சுடுதண்ணீர், சவர்க்காரம், கடைசியில் துணியால் ஒற்றித் துடைப்பு. கிறீஸ் அடித்தாயிற்று, எண்ணெய் பார்த்தாயிற்று. டீசலும் இந்த மலைக் குளிருக்கென்றே மலையடி ஊரான ஜின்டபைனில் விற்கிற டீசல்தான். சிட்னியில் நிரப்பிக்கொண்டு வருகிறவர்களின் டீசல் இங்கே மெழுகாகிவிடும். காலையில் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள்.

சின்ன ட்ராக்டர், செம்மஞ்சள் நிறம். முன்னுக்குப் பனி அள்ள ஒரு வாளி, பின்னுக்குப் பனியை அரைத்துத் தூர வீசும் புளோவர். நான் ஓட்டிய பஸ்ஸோடு பார்த்தால் விளையாட்டுச் சாமான். ஆனாலும் ஏறி இருந்து எஞ்சின் திறப்பைத் திருப்பியதும் கண் கலங்கிவிட்டது. எனக்கு நானே எழுதுவதில் எதற்கு மறைப்பு?

இருபது வருடத்துக்கு மேல் சிட்னியில் பஸ் ஓட்டியவன் நான். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி தொடங்கியதும், இனி வருடாவருடம் ஸ்பெஷலிஸ்ட் கடிதம் கொண்டுவா என்றார்கள். வந்த கோபத்தில் பஸ் லைசன்ஸையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு லிட்கம் வீட்டில் கதிரையும் நானும்தான். மனைவி நாகேஸ்வரிக்குப் பொறுமை போய், "குசினிக்குள்ளயும் எனக்கு ட்ரைவிங் சொல்லித்தராதேங்கோ அப்பா" என்று கத்தினாள்.

சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில்தான் மிருணாளினியைக் கண்டது. கணக்காளர் வேலையை விட்டுவிட்டு இந்த லொட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். பனி பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இடியப்பமும் சம்பலும் போட்டு நடத்துகிறாள். "அங்கிள், எங்கட வளவுக்குள்ள மட்டும்தான் ஓட்டம். ரோட்டில ஏறத் தேவையில்லை" என்றாள். இந்த வளவுக்குள் என்னிடம் ஒருத்தரும் கடிதம் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 17

பனி இல்லை. நானும் ட்ராக்டரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 24

கராஜுக்குள் வேலை மேசைக்கு மேலே தட்டு அடித்து முருகன் படம் வைத்தேன். கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று மிருணாளினி சட்டம் போட்டுவிட்டாள். டீசல் இருக்கிற இடம், அவள் சொல்வதும் நியாயம்தான். பற்றரியில் எரிகிற விளக்கு ஒன்று வாங்கித் தந்தாள். முருகனும் காலத்தோடு போகட்டும்.

காலை ஒழுங்கு இப்படி. எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவது. அதற்கிடையில் புளோவரை ட்ராக்டரோடு பிடித்திருக்கும் பின்களின் கிளிப்புகளைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி, மேசை விளிம்பில் வைப்பது. தலைமயிர்க் கிளிப் போல வளைந்த கம்பிகள்தான். ஆனால் அவை இல்லாவிட்டால் பின் நழுவும், புளோவர் விழும். பிறகு பனிக்குப் போடும் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே விட்டுவிட்டு, மேஸோடு, வெறும் காலுறையோடு நின்று கும்பிட்டு, ட்ராக்டரின் நெற்றியில் திருநீறு. சாமிக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்க எனக்கு வராது. அது முடிய சப்பாத்தைப் போட்டு, கிளிப்புகளை மாட்டி, ஏறுவேன்.

அருந்தவன் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, பஸ்ஸிலயும் இப்பிடித்தான் சப்பாத்தைக் கழட்டினனீங்களோ?" அவன்தான் இங்கே சமையல், நான் இல்லாத நேரம் ட்ராக்டரும் அவன்தான். வயது நாற்பது இருக்கும். படகில் வந்து வருடக்கணக்காகிறது. இன்னும் நிரந்தர விசா இல்லை. குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறான். நல்ல கை, சம்பல் இடித்தால் வாசல் வரை மணக்கும். கொஞ்சம் கவனம் காணாது.

ஜூலை 1

கொட்டித் தீர்த்துவிட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் கார்களெல்லாம் வெள்ளை மேடுகள். வாசல், படியடி, கார் நிற்கும் இடம் என்று எல்லாம் துப்புரவாக்கினேன். கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது வருகிற நடுக்கம் தோள் வரைக்கும் ஏறி ஒரு சுகம். எத்தனை நாளைக்குப் பிறகு நான் ஒரு வேலைக்காரன்!

ஜூலை 3

நாகேஸ்வரிக்கு ஒரு விசர். ஒவ்வொரு பின்னேரமும் போனில் என் கால்களைப் பார்க்க வேண்டுமாம். கால் டொக்டர் சொன்னதாம். பாதத்தில் உணர்ச்சி குறைகிறது, தினமும் பாருங்கள் என்று. அந்த மனுஷி ஒரு நைலோன் நூலால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா" என்று கேட்டது உண்மை. ஓம் ஓம் என்று சொல்லிவைத்தேன். சில இடத்தில் ஊகம்தான். கால் என்னுடையது, எனக்குத் தெரியாதா?

இன்று இடது காலைக் காட்டினேன். "மற்றக் கால்?" என்றாள். வலது சப்பாத்தைக் கழற்றப் பஞ்சியாக இருந்தது. போனைக் கொஞ்சம் திருப்பி இடது காலையே இன்னொருக்கால் காட்டினேன். "வடிவாய்த்தான் இருக்கு" என்றாள். பிறகு வெகுநேரம் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பள்ளிக்கூட விடுமுறை, லொட்ஜ் நிறைய ஆட்கள். இன்று ஒரு பிழை நடந்தது.

இந்த ட்ராக்டரில் வலது காலுக்கு ஒரு பெடல். அழுத்தினால் முன்னுக்குப் போகும், காலை எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான், பிள்ளையும் ஓட்டும். படியடியில் பனியைத் தள்ளிக்கொண்டு போய்க் காலை எடுத்தேன். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போய்ப் படியோரத்து மரக்கம்பத்தை இடித்துத்தான் நின்றது. கம்பம் முறிந்துவிட்டது.

நான் காலை எடுத்தேன். எனக்கு நல்லாய்த் தெரியும். பெடல்தான் பிந்தி விடுகிறது.

ஜூலை 7

கண்டுபிடித்துவிட்டேன். பெடலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ படலம்போலக் காய்ந்துபோயிருக்கிறது. சுரண்டி முகர்ந்தேன், சோறு மணந்தது. அருந்தவனைக் கூப்பிட்டேன்.

"பெடல் உறைஞ்சு கிடந்தது அண்ணை. சோறு வடிச்ச தண்ணி சுடச்சுட இருந்துது. ஊத்தினனான்."

"ட்ராக்டருக்குக் கஞ்சி வாத்தனியோ?"

"ஒருக்காத்தான். பிறகு துடைச்சனான்."

சாப்பாட்டு அறையில் இருந்த ஆட்கள் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்துப் போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊற்றின தண்ணீர் திரும்ப உறையாதா? கஞ்சி பசையாய்ப் பிடிக்காதா? அரைநாள் இருந்து பெடலைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். அட்டையொன்றில் 'பெடலில் பிழை, கவனம்' என்று எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜூலை 8

கழுவிய பிறகும் பிந்துகிறது.

ஜூலை 9

மிருணாளினி ஜின்டபைனில் இருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். க்ளென் என்று பெயர். பெடலை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, படுத்துப் பார்த்து, ஏறி ஓட்டி ஒரு சுற்று வந்தான். ஒரு பிழையும் இல்லை என்றான். கடிகாரம் மாதிரி வேலை செய்கிறதாம்.

குளிர் கூடிய நேரத்தில்தான் வரும் என்றேன். தோளைக் குலுக்கினான். தான் ஒரு முறை ஓட்டிவிட்டு, தினமும் ஓட்டுகிறவனுக்குச் சொல்லித்தருகிறான். அட்டையை நான் கழற்றவில்லை.

ஜூலை 12, சனி

எழுதிவிட்டால் மனம் அடங்கும்.

காலையில் வாசல் பக்கம் வேலை. சிட்னியில் இருந்து வந்த குடும்பத்தின் பெண்பிள்ளை பாதையோரத்தில் பனியைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். தூரப் போ என்று கையைக் காட்டினேன். தாய் வந்து இழுத்துக்கொண்டு போனாள். நான் திரும்பினேன். பின்னால் ஒரு பெரிய சத்தம். புளோவரின் ஒரு பக்கம் கழன்று, சரிந்து, அந்தப் பிள்ளை குவித்த பனியை நசுக்கிக்கொண்டு கிடந்தது. உள்ளே கத்திகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. எஞ்சினை எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

தாய் கத்தின கத்து இன்னும் காதுக்குள் நிற்கிறது. பிள்ளை அழவில்லை. தான் செய்த பனிப் பொம்மையைத்தான் தேடியது.

பார்த்தால், வலப்பக்கப் பின்னில் கிளிப் இல்லை. கராஜ் முழுக்கத் தேடினேன், வளவு முழுக்கத் தேடினேன். இல்லை. நேற்றுப் பின்னேரம் புளோவரைப் பூட்டினது அருந்தவன்.

ஜூலை 13, ஞாயிறு

குசினி மேசையில் மூன்று பேரும் இருந்தோம். அந்தக் குடும்பம் விடியவே போய்விட்டது, வழக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டு. மிருணாளினி இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"யார் கடைசியாப் பூட்டினது?"

"நான்தான் அக்கா. ஆனா கிளிப் போட்டனான். என்ர கையால போட்டனான்."

"அங்கிள்?"

"காலமை நான் எல்லாம் பார்த்துத்தான் ஏறினனான். என்ரை பக்கத்தில பிழை இல்லை."

அருந்தவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் ஒவ்வொருநாளும் விடியக் கழட்டிக் கிறீஸ் பூசுறனீங்கள்தானே. நேற்றும்—"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "எனக்குப் போடத் தெரியாதோ? இருபது வருஷம் பஸ்ஸில சனத்தை ஏத்தினவன் நான். ட்ராக்டருக்குக் கஞ்சி வாத்தவன் எனக்குச் சொல்லவாறாய்!"

மிருணாளினி அவனைப் பார்த்து, "அங்கிள் பொய் சொல்லமாட்டார். என்னால இனி ரிஸ்க் எடுக்கேலாது அருந்தவன், சொறி" என்றாள். அவனுடைய விசா வழக்குக்கு வேலைக் கடிதம் வேண்டும், அதை அவள்தான் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மத்தியான பஸ்ஸில் போய்விட்டான். ஃபிரிட்ஜுக்குள் இந்தக் கிழமைக்கென்று அரைத்த சம்பல் மூடியோடு அப்படியே இருக்கிறது.

நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மாட்டுகிறேன். நேற்று மட்டும் மாட்டாமல் விடுவேனா?

ஜூலை 15

கிளிப் இருந்த இடத்தில் கம்பி முறுக்கிக் கட்டியிருக்கிறேன். பெடல் இன்னும் பிந்துகிறது. கஞ்சி ஊற்ற ஆள் இல்லை இப்போது.

ஜூலை 16

மிருணாளினி தான் ஒருக்கால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினாள். அழுத்தினாள், போனது. எடுத்தாள், நின்றது. திரும்பத் திரும்ப. "அங்கிள், எனக்கு ஓகேயாத்தானே இருக்கு?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவான குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 17

உடம்பு காய்கிறது. குளிர்க்காய்ச்சலாக இருக்கும். இரண்டு நாளாய்ப் பாணும் ஜாமும்தான் சாப்பாடு. பொய் ஏன், சம்பலைத் தொட மனம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அறைக்குள் ஒரு மணம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலடியெல்லாம் தேடினேன். கடைசியில் சப்பாத்தைத் தூக்கினேன். அதற்குள் இருந்துதான்.

வலது மேஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் கறுப்பாய் இரத்தம். சின்ன விரலுக்குக் கீழே குழி. நோகவில்லை. ஐயோ, நோகவில்லை! விரலை வைத்து அழுத்தினேன், மற்ற ஆளின் கால் மாதிரி.

சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. உள்ளே கையை விட்டேன். உள்தோலில் குத்திச் சிக்கிக்கொண்டு — கிளிப்.

தலைமயிர்க் கிளிப் போல வளைந்த கம்பி. என் கிறீஸ் பூசினபடி.

அன்று காலை கும்பிட்டுக்கொண்டு நின்றேனே, அப்போது மேசை விளிம்பில் இருந்து விழுந்திருக்கிறது. மேசைக்குக் கீழே என் சப்பாத்து வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறது. கிளிப்பின் மேலேயே காலை வைத்து, போட்டு, நடந்து, ஏறி... இத்தனை நாளும் மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். திரிந்துகொண்டே அவனைத் திட்டியிருக்கிறேன்.

பெடல் பிந்தவில்லை. என் கால்தான் எடுபடவில்லை. எடுத்துவிட்டேன் என்று நினைத்த கால் பெடலிலேயே கிடந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றிருந்தால்? முருகா.

ஜூலை 19

சொல்ல வேண்டும். சொன்னால் ட்ராக்டர் போய்விடும். அதோடு மரியாதையும். 'அங்கிள் பொய் சொல்லமாட்டார்' என்றவள் இனி எந்த முகத்தோடு பார்ப்பாள்?

கிளிப்பைப் பனிக்குள் எறிந்தால் முடிந்தது. ஆர் தேடப்போறான்? பனி உருகினால் வளவுக்குள் எங்கோ விழுந்து கிடந்ததாகத்தானே இருக்கும். அதுவும் அருந்தவன் கைநழுவ விட்டதாக. எவ்வளவு லேசு! இப்படியெல்லாம் யோசிக்கிற ஆளா நான்? ஓம், யோசிக்கிறன்தானே இப்ப.

வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்து ஜக்கெட் பொக்கற்றுக்குள் போட்டேன். காலில் மஞ்சளும் தைலமும் வைத்துக் கட்டியிருக்கிறேன். நடக்கிறேன், நோகவில்லை. நோகாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நாகேஸ்வரி பிடித்துவிட்டாள்.

வழமைபோல் இடது காலைக் காட்டினேன், பிறகு திருப்பி இடது காலையே காட்டினேன். அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அப்பா, அந்தக் கணுக்கால் மச்சம் எந்தக் காலில?"

"இடது."

"அப்ப மற்றக் காலிலயும் எப்ப முளைச்சது?"

முப்பது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்துவிட்டு மச்சத்தை மறந்திருக்கிறேன். "வலது காலைக் காட்டுங்கோ" என்றாள். கட்டை அவிழ்த்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு மிருணாளினிக்கு எடுத்துவிட்டாள்.

மிருணாளினி ஓடி வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன குத்தினது அங்கிள்?"

"ஆணி" என்றேன்.

ஜூலை 22

கன்பரா ஆஸ்பத்திரி. எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். நர்ஸும் என்ன குத்தினது என்று கேட்டாள். ஆணி. ஒருக்கால் சொன்னால் பிறகு நாக்குக்குப் பழகிவிடுகிறது.

ஜூலை 24

சின்ன விரலை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 26

நாகேஸ்வரி கட்டிலடியில் இருக்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. தோடம்பழம் உரித்து, சீனிக்கென்று எண்ணாமல் சுளைசுளையாகத் தருகிறாள். "வீட்டில சும்மா இருங்கோ எண்டு நானும் உங்களைக் குத்திக் குத்திச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். எனக்கு இன்னும் தாங்க முடியாமல் போனது. இவளுக்கும் நான் ஆணி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

யாழ்ப்பாணத்து நல்லூரில் இன்று முருகனுக்குக் கொடியேற்றம். மத்தியானத்துக்குப் பிறகு நாகேஸ்வரி போனில் நேரலை போட்டு என் தலையணையில் சாய்த்து வைத்தாள். கூட்டமெல்லாம் அரோகரா என்றது. அவ்வளவு சனத்தில் ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கையைக் குவித்தேன்.

"நாகேஸ், ஆணி இல்லை" என்றேன்.

முழுக்கச் சொன்னேன். ஜக்கெட் பொக்கற்றில் இருந்து கிளிப்பை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பெடியன் இப்ப எங்கை இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவன் எங்கே படுக்கிறான் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மிருணாளினிக்கு எடுத்தேன். அவளுக்கும் முழுக்கச் சொன்னேன். கடைசியில், "அங்கிள், அவருக்கு நான் குடுக்கவேண்டிய கடிதத்தைக் குடுக்கேல்லை. நீங்கள் சொன்னதை நம்பித்தான் குடுக்கேல்லை" என்றாள். "நீங்கள் தெரியாமச் செய்தது ஓகே. தெரிஞ்ச பிறகும் பத்து நாள் பேசாம இருந்தீங்களே?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

ஆகஸ்ட் 3

லிட்கம். அருந்தவனுக்கு எடுக்கிறேன், மணி அடிக்கிறது, எடுக்கிறான் இல்லை.

ஆகஸ்ட் 6

எடுக்கிறான் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

நாகேஸ்வரி விசாரித்துப் பிடித்துவிட்டாள். கிழமை நாட்களில் ஒபர்னில் கார் கழுவுகிற இடமொன்றில் வேலை. சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக் கொடுக்கப் போகிறானாம்.

ஊன்றுகோலோடு போனேன். கோயிலுக்குள் போகவில்லை. காலில் இந்த ஆஸ்பத்திரிச் சப்பாத்தைக் கழற்றக் கூடாது. கழற்றாமல் உள்ளே போக எனக்கு வராது. மடைப்பள்ளி வாசலில் நின்றேன். அவன் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என் காலைப் பார்த்தான், பிறகு முகத்தை.

கிளிப்பை எடுத்து நீட்டினேன்.

"என்ரை சப்பாத்துக்குள்ள இருந்தது. நீ போட்டனிதான். நான்தான் கழட்டினனான். பெடலும் பிழை இல்லை, என்ரை கால்."

அவன் அதை வாங்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "அக்கா கோல் எடுத்துச் சொன்னவ. கடிதமும் அனுப்பிப்போட்டா" என்றான்.

"மன்னிச்சுக்கொள் தம்பி."

"பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன். அண்டைக்கு பஸ்ஸில போகேக்க, நான்தான் போடாம விட்டிட்டனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. நீங்கள் அவ்வளவு உறுதியாச் சொன்னீங்கள்." பூசணிக்காயை மறுபடி எடுத்தான். "அந்தப் பிள்ளையை நினைச்சு நித்திரை இல்லை எனக்கு. நான் கொல்லப் பார்த்தனான் எண்டு."

நிமிரவில்லை. ஒரு தடவைகூட அண்ணை என்று கூப்பிடவில்லை. நாகேஸ்வரி உள்ளே போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். நான் வெளியே காருக்குள் இருந்தேன்.

ஆகஸ்ட் 30

அருந்தவன் லொட்ஜுக்குத் திரும்பிவிட்டானாம். மிருணாளினி நேரே ஒபர்னுக்கு வந்து கேட்டிருக்கிறாள். வழக்குப் போடுவோம் என்ற குடும்பத்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியிருக்கிறாள். என் பெயரோடுதான். அப்படித்தான் எழுதவேண்டும்.

எனக்குக் கால் டொக்டரிடம் கிழமைக்கிழமை. நைலோன் நூலால் தொடுகிறாள். தெரிகிற இடத்தில் தெரிகிறது என்கிறேன். தெரியாத இடத்தில், தெரியவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

செப்டெம்பர் 18

கார் லைசன்ஸும் டொக்டர் சொல்லும்வரை இல்லை. நாகேஸ்வரி ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் இருக்கிறேன். பிரேக்கை முந்தி மிதிக்கலாம். சொல்லவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

நேற்றோடு பனிக்காலம் முடிந்தது. கட்டிலடியில் விட்டுவந்த என் சாமான்களை எடுக்க நாகேஸ்வரியோடு லொட்ஜுக்குப் போனேன். வளவில் அங்கங்கே ஊத்தை வெள்ளையாய்த் திட்டுகள், மற்றதெல்லாம் ஈரப்புல். மிருணாளினி தேத்தண்ணி தந்தாள். சிரித்தாள். முந்திய சிரிப்பு இல்லை. ஆனால் சிரித்தாள்.

கராஜில் அருந்தவன் ட்ராக்டரை அடுத்த வருடத்துக்கென்று மூடிவைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். எண்ணெய் மாற்றி, கழுவி, துருப் பிடிக்கிற இடமெல்லாம் எண்ணெய் தடவி. நான் செய்வதைவிடத் துப்புரவு. ஸ்டியரிங்கில் என் அட்டை இன்னும் தொங்கியது. எட்டி அவிழ்த்து, மடித்துப் பொக்கற்றில் வைத்தேன். அதே பொக்கற்றில் இருந்து கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தேன், விளிம்பில் அல்ல, நடுவில். அவன், நான் முறுக்கிக் கட்டிய கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, கிளிப்பைத் துடைத்து, பின்னில் மாட்டி, விரலால் இழுத்துப் பார்த்தான்.

மேலே முருகன் அப்படியே இருந்தார். பற்றரி விளக்கும் எரிந்தது. பற்றரி மாற்றி வந்திருக்கிறான். பழக்கதோஷத்தில் குனிந்து வலது சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். வாசலில் நின்ற நாகேஸ்வரி, "அப்பா, கழட்டாதேங்கோ!" என்று கத்தினாள். பிந்திவிட்டது. தடித்த மேஸோடு ஒரு கால், சப்பாத்தோடு ஒரு கால். அப்படியே நின்று கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று எழுதப்போவதில்லை.

திரும்பினால் அருந்தவன் என் சப்பாத்தைக் கையில் வைத்திருந்தான். கவிழ்த்து, மேசைக் காலில் இரண்டு தரம் தட்டினான். உள்ளே கையை விட்டு நுனி வரைக்கும் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. குனிந்து என் காலுக்கு முன்னால் வைத்தான்.

"போடுங்கோ, அண்ணை."